அத்தியாயம் 16: கல்முட்டை

எல்லா முட்டையையும் எடுத்திருக்கக் கூடாது. ஒன்றையாவது விட்டிருக்க வேண்டும்.

நாலு நாளாக இன்ஷிராஹ் மனசுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் பள்ளத்தைப் பார்த்த கோழி அதில் மறுபடி உட்காராது. ஏமாந்த இடத்துக்கு யார்தான் திரும்பி வருவார்கள்?

நான் வருகிறேனே என்று உடனே தோன்றியது. அதற்கு மேல் யோசிக்காமல் கூட்டின் தாழ்ப்பாளை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

உள்ளே பத்தொன்பது பிகாவிக் கோழிகள். வெள்ளிக் கழுத்தும் கறுப்புப் பொறி உடம்பும். பய்யூம் மண்ணில் பிறந்த இந்தச் சாதிக்கு நாலு சுவர் ஆகாது. மரத்தில் தூங்கும், தீவனப்புல்லில் மேயும், நினைத்த புதரில் முட்டையிட்டுவிட்டுப் போகும். பாதி கீரிக்கு, பாதி வெயிலுக்கு. குளிர்காலம் தொடங்கி இன்ஷிராஹ் அவற்றைப் பழக்கிக்கொண்டிருந்தாள். பேரீச்சை மட்டையில் பின்னிய பழக்கூடைகளைச் சாய்த்து வைத்து, வாயில் சாக்குத் துணி தொங்கவிட்டு, உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தாள். உச்சிவேளைப் பாங்கு கேட்கும்வரை கூட்டைத் திறக்கமாட்டாள். ஒவ்வொரு கூடைக்குள்ளும் ஒரு கல்முட்டை கிடந்தது.

வெள்ளைச் சலவைக்கல்லில் கடைந்த முட்டைகள். லக்சரில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பது. கல்யாணமான புதிதில் ரம்ஸி வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் அடுக்கினான். அவன் போன பிறகு அவற்றைக் கோழிக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி முட்டையிட்ட இடத்தைப் பார்த்தால் கோழிக்குத் துணிச்சல் வரும்; தானும் அங்கே இடும்.

பதினெட்டுக்கு வந்த துணிச்சல் ஒன்றுக்கு மட்டும் வரவில்லை. அது முள்ளுக்கள்ளி வேலிக்கடியில் இட்டுவந்தது. புதன்கிழமை அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, பதினோரு முட்டையைப் பார்த்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து கோழி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

“வக்கீலம்மா இன்னிக்காவது வாதாடாம போடுவாளா?” என்று முற்றத்திலிருந்து மாமியார் கலீலா கேட்டாள். அந்தக் கோழிக்கு அந்தப் பெயர் வைத்தவளே அவள்தான். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, வெங்காயத் தோலைச் சட்டியில் உதிர்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஷம்முன்னசீம். வசந்தப் பண்டிகைக்குச் சாயமுட்டை இல்லாத வீடு கிடையாது.

“வயித்துலயே பூட்டி வச்சிருக்கா மாமி. திறந்துவிட்டதும் எங்கேயோ போய்ப் போட்டுட்டு வந்து ஊரைக் கூட்டுறா.”

“என் மவன் மாதிரியே. வீட்டுல இருந்தவரைக்கும் வாயைத் திறக்கல. கடல் தாண்டினதும் பேச்சா பேசுறான்.”

சொல்லிவிட்டு மடியிலிருந்த கைபேசியைத் துடைத்து அழுத்தினாள். வெள்ளிக்கிழமை வந்த குரல்பதிவு அது. அதற்குள் முப்பது தடவை கேட்டாகிவிட்டது.

முதலில் ஒரு சின்னக் கனைப்பு. பேசுவதற்கு முன் தொண்டையைச் சரிசெய்துகொள்வது ரம்ஸியின் பழக்கம். பிறகு குரல். “அம்மா, கண்ணே. நல்லா இருக்கேன். வேலை இருக்கு. குளிருதான் தாங்கல. எல்லாருக்கும் சலாம் சொல்லு. கோழிங்களைப் பாத்துக்கங்க.”

பின்னால் எங்கோ ஒரு கோழி கத்தியது.

“இத்தாலிக் கோழிக்கும் நம்ம கோழி வாய்தான் பாரு” என்று கலீலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “ஏன்டி, கோழிக்கு சலாம் சொல்றவன் பொண்டாட்டிக்கு ஒரு சலாம் சொல்லமாட்டானா? ஏழு தடவை பேசிட்டான். உன் பேரு ஒருதரம் வந்துச்சா? போறப்போ ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“இல்ல மாமி.”

“சண்டை இல்லேன்னா அவன் என் மவன் இல்ல. எம்மவனுக்கு உன் பேரைச் சொல்லாம சோறு இறங்காது.”

இன்ஷிராஹ் கூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சண்டை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேறொன்று நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலையில், லிபியாவுக்கு ஆள் ஏற்றும் வண்டி தெருமுனையில் நின்றபோது, மாவு பிசைந்துகொண்டிருந்தவளின் பின்னால் வந்து ரம்ஸி கேட்டான், “சொல்லு. போகவா, வேண்டாமா?” அவள் திரும்பவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாவை மட்டும் இன்னும் அழுத்திப் பிசைந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு சத்தம் கேட்டது.

அங்கிருந்து இத்தாலிக்குக் கிளம்பிய படகு கவிழ்ந்ததாகச் சொன்னார்கள். கரையேறியவர்கள் பட்டியலில் அவன் இல்லை; கரை ஒதுங்கியவர்கள் பட்டியலிலும் இல்லை. இரண்டரை வருஷம் எதுவும் இல்லை. கலீலா ரொட்டியைத் தொடாமல் சுவர்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். ஏழு மாதத்துக்கு முன்புதான் இந்தக் குரல் வர ஆரம்பித்தது. மாமியார் எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், கோழிக்குப் பெயர் வைத்தாள்.

இன்ஷிராஹோ, தன் பெயர் வராத அந்தக் குரலை ஒரு தண்டனையாக ஏற்றுக்கொண்டாள். கேட்டபோது பேசாதவளுக்குப் பேசாமல்தானே பதில் வரும். ஆனாலும் மாமியார் குளிக்கப் போகும் நேரம் கைபேசியை எடுத்துக் காதோடு வைத்துக்கொள்வாள். கன்னம் சூடாகும். முப்பத்துநாலு வயதில் புதுப்பெண்போல.

“ஷவ்கி எங்கே? வந்ததும் தண்ணிகூட குடிக்காம காணாமப் போயிட்டானே” என்றாள் கலீலா. மூத்தவன். சின்னூரிஸில் மனைவி மக்களோடு இருப்பவன். வெள்ளிக்கிழமைகளில் வருவான், பண்டிகை என்பதால் இன்றும் வந்திருந்தான்.

“வாய்க்கால் பக்கம் போனாங்க மாமி.”

பாங்கு கேட்டது. இன்ஷிராஹ் கூட்டைத் திறந்தாள்.

*

கோழியைத் தேடிப் போகிறவள் கோழியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதற்குத் தெரிந்துவிடும். அப்புறம் மணிக்கணக்கில் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்று உங்களைக் களைக்க வைக்கும். இன்ஷிராஹ் கையில் அரிவாளோடு தீவனப்புல் அறுக்கிறவள்போலக் குனிந்தாள். கடைக்கண்ணில் மட்டும் வக்கீலம்மா.

அது அவசரப்படவில்லை. இரண்டு கொத்து கொத்தியது. வேலியோரம் போய்ப் பழைய பள்ளத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஒரு கணம் தலையைச் சாய்த்து நின்றதே, அதுதான் இன்ஷிராஹுக்குத் தாங்கவில்லை. பிறகு வாய்க்கால் கரையேறி, ஒலிவ மரங்களின் நிழலில் ஓடத் தொடங்கியது. முட்டை முட்டும் நேரத்து ஓட்டம் அது.

அவளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

கரையின் கோடியில் பழைய பம்பு அறை இருந்தது. மோட்டார் கெட்டுப்போய்ப் பல வருஷமாகிவிட்டது. மண்சுவர், பாதி சரிந்த கூரை. சுவரின் அடியில் குழாய் போன ஓட்டை. கோழி அதற்குள் நுழைந்து மறைந்தது.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இரண்டடி வைத்தாள்.

உள்ளே ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

“அம்மா, கண்ணே.”

இன்ஷிராஹின் கையிலிருந்து செருப்பு நழுவியது.

“பண்டிகை நாளும் அதுவுமா உன்னை நினைச்சிட்டே இருக்கேன். இங்கே வெங்காயத் தோலுக்குக்கூடப் பஞ்சம்.”

ரம்ஸி. வந்துவிட்டான். வீட்டுக்கு வர வெட்கப்பட்டுக்கொண்டு இங்கே ஒளிந்திருக்கிறான். அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம் அதுதான். இரண்டாவது, தலைத்துணியில் கோழித்தூசி இருக்கிறதே என்பது. மூன்றாவதாக ஒன்றுமே தோன்றவில்லை. காதுக்குள் வாய்க்கால் தண்ணீர் மட்டும் இரைந்தது. அவள் கை சுவரைத் தொட்டது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு இருக்கும். ஒரு முழம்கூட இல்லை.

சொல்லிவிடலாம். மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடலாம். போகாதே என்று.

உள்ளே குரல், “ச்சே” என்றது. பிறகு மறுபடி கனைத்தது. “அம்மா, கண்ணே. பண்டிகை நாளும் அதுவுமா…”

அதே கனைப்பு. அதே நீளம், அதே இழுப்பு. உயிரோடு இருக்கும் மனிதன் ஒரே மாதிரி இரண்டு தடவை கனைப்பானா? இன்ஷிராஹின் உடம்பிலிருந்த சூடெல்லாம் பாதம் வழியாக இறங்கி மண்ணுக்குள் போனது.

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா கத்தினாள். முட்டையிட்ட பிகாவியின் கத்தல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். “தொலைஞ்சு போ சனியனே, வெள்ளிக்கிழமையும் இதே கூத்து!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அது ரம்ஸியின் குரல் இல்லை. கோழி ஓட்டை வழியாகப் பறந்து வந்தது. கதவு வழியாக, கையில் கைபேசியோடு ஷவ்கி வந்தான்.

அவளைப் பார்த்ததும் கைபேசியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளை, பீங்கானை உடைத்த பிள்ளை மாதிரி.

“எவ்ளோ நேரமா நிக்கிற?”

“ரெண்டு தடவை ‘அம்மா, கண்ணே’ கேட்டுச்சு, மச்சான்.”

அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கோழி விடாமல் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

“சின்ன வயசுலேர்ந்தே எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான்” என்றான் கடைசியில். “முற்றத்துலேர்ந்து கூப்பிட்டா அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. அந்தக் கனைப்புதான் பழக வேண்டியிருந்துச்சு.”

“அந்த இத்தாலி நம்பரு?”

“அங்கேயிருந்து திரும்பி வந்தவன் ஒருத்தன் குடுத்தான்.”

“ஏழும் நீங்கதானா?”

“நீயும் பாத்தேல்ல, அம்மா சுவத்தைப் பாத்துக் கிடந்ததை? ரொட்டியைத் தண்ணியில நனைச்சு ஊட்டிவிட்டது நீதானே? அந்தம்மா சாகட்டும்னு விடச் சொல்றியா?”

அவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. கேட்கக் கூச்சமாயிருந்தது. ஏழு மாதமாகக் கன்னம் சூடேறக் கேட்டது யாருடைய குரலை என்று நினைத்தபோது தலைத்துணியை இழுத்து வாய்வரை மூடிக்கொண்டாள்.

அவனே சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். “உன் பேரைச் சொல்ல நாக்கு வரல இன்ஷிராஹ். தம்பி பொண்டாட்டி. அவன் மாதிரி உன்னைக் கூப்பிட்டா… அது ஹராம். என்னால முடியல.”

இத்தனை நாள் தண்டனை என்று நினைத்தது மரியாதையாக இருந்திருக்கிறது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. தண்டிக்கவாவது ஒருவன் இருக்கிறான் என்று நம்பியிருந்தாளே.

“இப்போ அதுதான் சிக்கல்” என்றான் ஷவ்கி. “அம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பொண்டாட்டி பேரைச் சொல்லாதவன் எம்மவன் இல்லேன்னு வெள்ளிக்கிழமை என்கிட்டயே சொன்னாங்க. நீ ஒண்ணும் பண்ண வேணாம். உனக்குத் தனியா பேசினான்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. இனிமே அம்மா கேக்கவே மாட்டாங்க.”

“நான் சொன்னா?”

“நீ சொன்னா நம்புவாங்க. உன் வாயிலேர்ந்து பொய் வந்ததே இல்லையே.”

“அதுக்காகத்தான் கேக்குறீங்களா?”

அவன் முகம் சிவந்தது. “நீ மட்டும் என்ன? கூடைக்குக் கூடை கல்லை வச்சுக் கோழியை ஏமாத்தல? அதுங்க சந்தோஷமாத்தானே இருக்கு?”

இன்ஷிராஹ் பம்பு அறைக்குள் குனிந்தாள். உடைந்த குழாய்க்குப் பின்னால், காய்ந்த இலைகளுக்குள் நாலு முட்டைகள். ஒன்று இன்னும் சூடாக இருந்தது. மூன்றை எடுத்து மடியில் வைத்தாள். நாலாவதை எடுக்காமல், சுவரின் கரியைத் தொட்டு அதன்மேல் அடையாளத்துக்கு ஒரு கோடு இழுத்து வைத்தாள். இந்தத் தடவை அந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

“கல்லை வைக்கிறேன், மச்சான்” என்றாள் வெளியே வந்து. “ஆனா அடைக்கு உக்காந்தா அன்னிக்கே கல்லை எடுத்துடுவேன். எடுக்கலேன்னா தீனி தண்ணி இல்லாம அது மேலயே உக்காந்து செத்துப்போகும். கல்லு பொரிக்காதுன்னு அதுக்குத் தெரியாது.”

அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஷவ்கி பின்னாலிருந்து சொன்னான்:

“ஏழும் நான் இல்ல.”

அவள் நின்றாள்.

“ஆறுதான். நபி மேல சத்தியமா. முதல்ல வந்தது நான் இல்ல.”

“அது வேற நம்பரு. அவன் நம்பர் மாத்திட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வேற என்ன சொல்லுவேன்? அந்த நம்பருக்கு நூறு தடவை அடிச்சுப் பாத்தேன். போகவே இல்ல. அம்மா அதைக் கேட்டுட்டு எழுந்து உக்காந்து ரொட்டி கேட்டாங்க. ஒரு மாசம் போச்சு, வேற எதுவும் வரல. மறுபடி சுவர்பக்கம் திரும்பினாங்க. அப்புறம்தான் நான்…” அவன் கைகளை விரித்தான். “அந்தக் கனைப்பைக்கூட அதைக் கேட்டுத்தான் பழகினேன்.”

*

சாயத் தண்ணீர் ஆறியிருந்தது. காலையிலேயே வேகவைத்த முட்டைகள் தட்டில் குவிந்திருந்தன. வக்கீலம்மாவின் மூன்றையும் சேர்த்து வேகவைத்தாயிற்று. ஷவ்கி மூலையில் உட்கார்ந்து நாளைய கருவாட்டுக்கு வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு தாளையும் தேவைக்குமேல் உரித்தான்.

இந்த வீட்டில் முட்டைக்குப் பெயர் உண்டு. மெழுகுவத்தித் துண்டால் வெள்ளை ஓட்டில் எழுதினால் எதுவும் தெரியாது. சாயத்தில் முக்கி எடுத்தால் செம்பழுப்பில் பெயர் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். கலீலாவுக்கு எழுதத் தெரியாது. எழுதுவது எப்போதும் இன்ஷிராஹ்தான்.

ரம்ஸியின் முட்டையை மட்டும் யாரும் உரிக்கக் கூடாது. சென்ற வருஷத்ததும் அதற்கு முந்தையதும் கண்ணாடி அலமாரியில், கல்முட்டைகள் இருந்த தட்டில்தான் இருந்தன. எடுத்துக் குலுக்கினால் உள்ளே கூழாங்கல்போல ஏதோ உருளும். துடைக்கும்போது இன்ஷிராஹ் அந்தத் தட்டை அசையாமல் தூக்குவாள்.

ஷவ்கி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள், கலீலா என்று ஒவ்வொரு பெயராக முங்கி எழுந்தது. பிறகு கலீலா தட்டில் தேடிப் பெரியதாக, மாசில்லாததாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இது அவனுக்கு.”

இன்ஷிராஹ் வாங்கிக்கொண்டாள். மெழுகைக் கையில் எடுத்தாள்.

“இவன் சொல்றான்” என்று கலீலா ஷவ்கியைத் தாடையால் காட்டினாள். “உனக்கும் பேசினானாமே? சொல்ல வெட்கப்பட்டுட்டு இருக்கியாமே? நிஜமாடி?”

வெங்காயத்தாள் உரியும் சத்தம் நின்றது. ஷவ்கி நிமிரவில்லை. அவன் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. குனிந்திருக்கும்போது அதுவும் ரம்ஸியின் கழுத்துதான்.

“மாமி, முதல்முதலா வந்ததே, அதை ஒருதரம் போடுங்களேன்.”

“அதுல பேச்சே இல்லையே.”

“போடுங்க மாமி.”

கலீலா விரலால் மேலே மேலே தள்ளி அதைக் கண்டுபிடித்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கு அது எத்தனையாவது என்று மட்டும் தெரியும். நாலே நொடி. பெரிய காற்று. இரும்பு உரசும் சத்தம். ஒரு கனைப்பு. பேசப்போகிறவன் கனைக்கும் கனைப்பு. அங்கே அறுந்துபோனது.

இதை இன்ஷிராஹ் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இன்றுதான் கேட்டாள். மற்ற ஆறிலும் கனைப்பு முடிந்ததும் பேச்சு வரும். இதில் கனைப்புக்கும் அறுந்ததற்கும் நடுவே ஒரு தயக்கம் இருந்தது. எதைச் சொல்வது என்று தெரியாதவனின் தயக்கம். மாவுப் பாத்திரத்தின் முன்னால் அவள் நின்ற அதே நிற்பு.

அது அவன்தான் என்று அவளால் சொல்ல முடியாது. அவன் இல்லை என்றும் முடியாது. ஆனால் அந்த இடத்தில் இன்னொரு பொய்யைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், இனி எது சூடு, எது கல் என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும்.

“சொல்லுடி” என்றாள் கலீலா. குரலில் காலையின் கிண்டல் இல்லை. அவள் ஷவ்கியைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். மறுபடி மருமகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகத்தைவிடப் பழையதாக ஏதோ ஒன்று இருந்தது. கிழிந்த துணியைத் தெரிந்தே மடித்து வைக்கிறவளின் பார்வை. “பேசினான்னு சொல்லேன். நான் வேற எதுவும் கேக்கமாட்டேன். பேசினான்னு மட்டும் சொல்லு.”

இன்ஷிராஹ் மெழுகைத் தட்டில் வைத்தாள். ஒன்றும் எழுதாத முட்டையை அப்படியே சாயத்துக்குள் இறக்கினாள். மூவரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தபோது அது முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது. எங்கேயும் வெள்ளை இல்லை.

“பேசல மாமி” என்றாள்.

ஈரத்தைத் துடைத்து, அந்த முட்டையை மாமியாரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மெதுவாக மூடிவிட்டாள். பிறகு தட்டிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொண்டாள்.